மாதம் 2 லட்சம் கூடினால் எக்ஸ்பொனன்ஷியலா?

கேள்வி: எங்கள் கடையில் விற்பனை மாதாமாதம் 2 லட்சம் ரூபாய் கூடுகிறது. கணக்கு பார்க்கும் தம்பி இதை 'எக்ஸ்பொனன்ஷியல் குரோத்' என்கிறார். சரிதானா? அடுத்து 20×30 அடி இடத்திலிருந்து 40×60 இடத்துக்கு மாறுகிறோம். 'இரண்டு மடங்கு பெரிய கடை' என்று விளம்பரம் செய்யலாமா?
– வாசகர், சென்னை

பதில்: தம்பி சொல்வது தவறு. ஒவ்வொரு மாதமும் ஒரே தொகை கூடினால் அது பத்தாம் வகுப்பில் படித்த கூட்டுத் தொடர் வரிசை, வரைபடத்தில் நேர்கோடு. ஒரே விகிதத்தில் கூடினால்தான் எக்ஸ்பொனன்ஷியல், அதாவது அடுக்குக்குறி வளர்ச்சி. உங்கள் விற்பனை 10, 12, 14, 16 லட்சம் என்று போவதாக வைத்துக்கொள்வோம். முதல் உயர்வு 20 சதவீதம், அடுத்தது சுமார் 16.7, அதற்கடுத்தது 14.3. தொகை ஏறுகிறது, வளர்ச்சி விகிதமோ இறங்குகிறது!

அடுக்குக்குறி என்றாலே அசுர வேகம் என்ற நினைப்புதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். தபால் நிலையத்துக் கிசான் விகாஸ் பத்திரத்தைப் பாருங்கள். 2023 ஏப்ரலில் அதன் வட்டியை 7.5 சதவீதமாக்கியபோது, போட்ட பணம் இரட்டிப்பாக 115 மாதம் என்று அறிவித்தார்கள். கூட்டு வட்டி என்பதால் அது அசல் அடுக்குக்குறி வளர்ச்சி. ஒன்பதரை ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டிய அதை யாரும் அசுர வளர்ச்சி என்பதில்லை. போன மாதத்தையும் இந்த மாதத்தையும் மட்டும் வைத்து 'எக்ஸ்பொனன்ஷியல்' என்று அறிவிப்பவர்களையும் நம்பாதீர்கள். இரண்டு எண்களை வைத்து வளர்ச்சி எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது.

விளம்பரத்தில் நீங்கள் உங்களையே குறைத்துச் சொல்கிறீர்கள். 20×30 என்றால் 600 சதுர அடி, கால் கிரவுண்டு. 40×60 என்றால் 2,400, முழு கிரவுண்டு. நீளமும் அகலமும் இரட்டிப்பானால் பரப்பு நான்கு மடங்காகும். அதையே சதவீதத்தில் சொன்னால் 300 சதவீத உயர்வு, 400 அல்ல. பழைய 100 ஏற்கெனவே கையில் இருக்கிறதே! 'நான்கு மடங்கு கூடியது' என்றும் எழுதாதீர்கள், அது ஐந்து மடங்கு என்று பொருள்படலாம். 'நான்கு மடங்கு இடம்' என்று போடுங்கள்.

தம்பியிடம் கடைசி ஆறு மாத விற்பனையைக் கேட்டு, ஒவ்வொரு மாதத்தையும் அதற்கு முந்தைய மாதத்தால் வகுக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய ஒரே விடை வந்துகொண்டிருந்தால் அவர் சொன்ன பெயரையே வைத்துக்கொள்ளலாம்.