முதலில் அளப்போம், பிறகு மாற்றுவோம்: ஒரு பழைய டுகாட்டி தரும் அறிவியல் பாடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிரம்பானிலிருந்து கோலா பிலா செல்லும் புக்கிட் புத்துஸ் வளைவுகளையோ, கோலா கிளாவாங் செல்லும் புக்கிட் தங்கா மலைப்பாதையையோ கவனித்திருக்கிறீர்களா? பெரிய மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் போகும். அவற்றில் சிவப்பு நிற இத்தாலிய டுகாட்டி ஒன்றையாவது பார்த்திருப்பீர்கள். நம் மாநில எல்லைக்குப் பக்கத்திலுள்ள செப்பாங் பந்தயத் தடத்தில் 2007-ஆம் ஆண்டு கேசி ஸ்டோனர் வென்றதும் டுகாட்டியில்தான்.

"இத்தாலிய வண்டி அழகுதான், ஆனால் நம்பி ஏற முடியாது" என்று பட்டறைகளில் சொல்வார்கள். பழைய வண்டிகளின் விலை குறைந்திருப்பதற்கு இந்தப் பேச்சும் ஒரு காரணம். தோட்டத்தில் வளர்ந்த இளைஞர்கள் சிலர் சம்பளத்தைச் சேர்த்து வைத்து அப்படி ஒன்றை வாங்குகிறார்கள். வாங்கியதும் முதலில் மாற்றுவது பெரும்பாலும் எக்ஸாஸ்ட் குழாயைத்தான். சத்தம் கூடுகிறது. வண்டி நடுவழியில் நிற்பதும் வளைவில் ஆடுவதும் குறைவதில்லை.

மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. ஆகவே பணத்தை எதில் முதலில் செலவிடுவது என்பது வெறும் ரசனைக் கேள்வி அல்ல. அதற்கு விடை சொல்ல நீங்கள் பள்ளியில் படித்த ஓம் விதியும் ஹூக் விதியும் போதும். 1994-இல் விற்பனைக்கு வந்த டுகாட்டி 916 வண்டியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மாசிமோ தம்புரினி வடிவமைத்த இந்த வண்டியை உலகின் மிக அழகான மோட்டார் சைக்கிள்களில் ஒன்று என்று இன்றும் பலர் சொல்வார்கள்.

1. மின்சாரம்: துருவில் தொலையும் வோல்ட்

பழைய இத்தாலிய வண்டி "ஸ்டார்ட் ஆகவில்லை" என்றால் பேட்டரியைக் குறை சொல்வது வழக்கம். புதுப் பேட்டரி போட்ட பிறகும் அதே தொல்லை தொடர்ந்தால் கம்பி இணைப்புகளைச் சந்தேகியுங்கள்.

பெரிய இரட்டைச் சிலிண்டர் இயந்திரத்தைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு 100 ஆம்பியருக்கும் மேல் தேவைப்படலாம். எர்த் கம்பி இயந்திரத்தோடு சேரும் இடத்தில் துரு பிடித்து 0.02 ஓம் தடை உண்டாகிறது என்று வைத்துக்கொள்வோம். மிகச் சிறிய எண்தான். ஆனால் ஓம் விதிப்படி 100 × 0.02 = 2 வோல்ட். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் இரண்டு வோல்ட் அந்தத் துருவிலேயே தொலைந்துவிடும். அங்கே எழும் வெப்பம் 100 × 2 = 200 வாட்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மல்டிமீட்டரை வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறு முனையை இயந்திரத்தின் சுத்தமான உலோகப் பகுதியிலும் வையுங்கள். நண்பர் ஒருவர் ஸ்டார்ட்டரை அழுத்தட்டும். மீட்டர் 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் இணைப்பைக் கழற்றி, உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கமாக முடுக்க வேண்டும். இதற்குப் புதுப் பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

அடுத்தது ரெகுலேட்டர். நிலைக்காந்தம் கொண்ட ஆல்டர்னேட்டர் இயந்திரம் சுழலும் வேகத்துக்கு ஏற்ப மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். தேவைக்கு மிஞ்சியதைப் பழைய வகை ரெகுலேட்டர் குறுக்குச்சுற்றாக்கித் தடுக்கிறது. அந்த வேலையில் அதுவே சூடாகிறது. நம் ஊர் வெயிலில், நெரிசலில், காற்றோட்டம் இல்லாத மூலையில் அது இருந்தால் ஆயுள் குறையத்தான் செய்யும். காற்று படும் இடத்துக்கு மாற்றிப் பொருத்துவதும், அதற்குப் போகும் இணைப்பான்களைச் சுத்தம் செய்வதும் பலன் தரும்.

சோதிக்கும் முறை இது: இயந்திரம் நிற்கும்போது நிறைந்த பேட்டரி ஏறத்தாழ 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். நிமிடத்துக்கு 4,000 சுற்று வேகத்தில் 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். 13-ஐத் தாண்டாவிட்டால் பேட்டரிக்கு மின்னேற்றம் சரியாகப் போகவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது, பேட்டரியும் சீக்கிரம் கெடும்.

2. ரப்பர்: கிலோமீட்டர் மட்டும் கணக்கல்ல

டுகாட்டியின் சிறப்பு அதன் வால்வு அமைப்பு. பொதுவாக வால்வைக் கேம் திறக்கும், சுருள்வில் மூடும். மிக வேகமாகச் சுழலும்போது சுருள்வில்லால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போகலாம். பொறியாளர் ஃபாபியோ தாலியோனி 1956-இல் டுகாட்டி பந்தய வண்டி ஒன்றில் வேறு வழியைக் கையாண்டார். வால்வைத் திறப்பதற்கு ஒரு கேம், இழுத்து மூடுவதற்கு இன்னொரு கேம். இதுவே டெஸ்மோ முறை. 916-இல் 8 வால்வுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் திறக்கும் இடைவெளி, மூடும் இடைவெளி என்று இரண்டு இருப்பதால் 16 அளவுகளைச் சரிபார்க்க வேண்டும். பராமரிப்புச் செலவு அதிகம் என்று சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அந்தக் கேம்களைச் சுழற்றுவது இரண்டு பல் வார்கள். அவை செயற்கை ரப்பரும் இழையும் சேர்ந்தவை. ரப்பரைப் பற்றி நெகிரி செம்பிலான் தோட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயிலில் நெடுநாள் கிடந்த ரப்பர் செருப்பு வெடித்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். வெப்பமும், ஆக்சிஜனும், காற்றிலுள்ள ஓசோனும் ரப்பர் மூலக்கூறுச் சங்கிலிகளைத் தாக்குகின்றன. கந்தகம் கலந்து வலுவூட்டிய ரப்பரும் இதற்கு முற்றிலும் தப்புவதில்லை. எனவே வண்டி ஓடாமல் கொட்டகையில் நின்றாலும் வாருக்கு வயதாகிறது. பழைய மாடல்களுக்கு 2 ஆண்டு அல்லது 20,000 கிலோமீட்டர், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது வாரை மாற்றுவது வழக்கம். வார் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும். பழுதுபார்க்கும் செலவு வண்டி வாங்கிய விலையை எட்டினாலும் ஆச்சரியமில்லை.

வாரின் இறுக்கத்தை இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் நீள அலுமினியம் 70 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடானால் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளும். சிலிண்டர் நீண்டால் வாரும் இழுபடும். சூட்டில் சரியாகத் தெரியும் இறுக்கம் குளிர்ந்த பிறகு தளர்வாகிவிடும்.

3. பிரேக் ஆயில்: கண்ணுக்குத் தெரியாத நீர்

நான்காம் தர பிரேக் ஆயில், அதாவது "டாட் 4", காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. சுமார் 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டால் 155 பாகை இருந்தாலே தரத்துக்குள் வரும். கொதிநிலை அவ்வளவு விழுந்துவிடுகிறது.

மலைப்பாதையில் இறங்கும்போது தொடர்ந்து பிரேக் பிடித்தால் இயக்க ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறும். ஆயில் கொதித்தால் நீராவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்குவது கடினம், ஆவியைச் சுருக்குவது எளிது. பிரேக் கைப்பிடி கைக்குள் வந்து ஒட்டும், வண்டி நிற்காது. நம் நாட்டின் ஈரக்காற்றில் பிரேக் ஆயிலை 2 ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றியே ஆக வேண்டும்.

4. கையாளுமை: சுருள்வில்லை உங்கள் எடைக்கு ஏற்றுதல்

"வளைவில் வண்டி ஆடுகிறது" என்றதும் புது அப்சார்பர் வாங்க ஓடாதீர்கள். முதலில் டயர் காற்றழுத்தம், டயரின் வயது, ஸ்டியரிங் பேரிங் ஆகியவற்றைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது என்று பொருள்.

அதன் பிறகு நாடா அளவுகோலை எடுங்கள். பின்சக்கரம் தரையில் படாமல் தூக்கி, சக்கர அச்சுக்கும் அதற்கு நேர் மேலே வண்டியின் ஒரு புள்ளிக்கும் உள்ள தூரத்தைக் குறியுங்கள். பிறகு வண்டியை இறக்கி, ஓட்டுபவர் முழு உடையுடன் ஏறி உட்கார, அதே தூரத்தை மீண்டும் அளங்கள். வண்டி விழாமல் பிடிக்க இன்னொருவர் தேவை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே அமிழ்வு. இத்தகைய வண்டிகளுக்கு ஏறத்தாழ 30 முதல் 35 மில்லிமீட்டர் நல்ல தொடக்கம். முன்புறத்தையும் இதேபோல் அளக்கலாம்.

அமிழ்வு அதிகமாக இருந்தால் முன்னழுத்த வளையத்தை முடுக்குகிறோம். அப்படிச் செய்தால் சுருள்வில் கடினமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஹூக் விதிப்படி ஒரு மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்ற மாறிலி சுருள்வில்லின் சொந்தக் குணம். வளையத்தை முடுக்கினால் வண்டி உயரும், மாறிலி மாறாது. எவ்வளவு முடுக்கியும் அளவு சரிவரவில்லை என்றால் மட்டுமே வேறு சுருள்வில் வேண்டும்.

இன்னொரு செய்தி. 916-இல் பின்புற உயரத்தையும் ஸ்டியரிங் கோணத்தையும் மாற்ற வசதி உண்டு. கோணத்துக்கு 24, 25 பாகை என்று இரண்டு நிலைகள். ஸ்டியரிங் அச்சைக் கற்பனையாக நீட்டினால் அது தரையைத் தொடும் இடம், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கும். இந்த இடைவெளிதான் சக்கரத்தைத் தானாகவே நேராக்குகிறது. பேரங்காடித் தள்ளுவண்டியின் சக்கரம் நாம் தள்ளும் பக்கம் திரும்பிக்கொள்வதும் இதனால்தான். பின்புறத்தை உயர்த்தினால் கோணமும் இடைவெளியும் குறையும். வண்டி சட்டென்று திரும்பும், ஆனால் நேர் சாலையில் நிலைத்தன்மை குறையும். ஒன்றைப் பெற இன்னொன்றைக் கொடுக்கிறோம். ஆகவே ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்து, ஓட்டிப் பார்த்து, நோட்டில் எழுதி வையுங்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைக்கும் அதே ஒழுங்கு இது.

கப்சாய்க்கும் இதே பாடம்

வீட்டில் டுகாட்டி இல்லையே என்று இந்தப் பக்கத்தை மடித்துவிடாதீர்கள். அப்பா விடியற்காலையில் செம்பனைத் தோட்டத்துக்கு ஓட்டிச் செல்லும் கப்சாய்க்கும் எர்த் கம்பி உண்டு, டயரில் நான்கு எண்கள் உண்டு, டிஸ்க் பிரேக் இருந்தால் ஆயிலும் உண்டு. பெரியவர்கள் துணையோடு இவற்றைச் சரிபாருங்கள். வரிசை எப்போதும் ஒன்றுதான்: அளப்பது, தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவருவது, அதன் பிறகே மேம்படுத்துவது. முதல் இரண்டு படிகளிலேயே பெரும்பாலான தொல்லைகள் தீர்ந்துவிடும்.

செய்து பாருங்கள்

அ) ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை இருக்கிறது. 10 ஆம்பியர் ஓடினால் எத்தனை வோல்ட் இழப்பு? எத்தனை வாட் வெப்பம்?

ஆ) பின்சக்கரத்தில் கணக்கிட்டால் சுருள்வில் மாறிலி மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன். ஓட்டுபவரால் பின்புறத்தில் 500 நியூட்டன் கூடுகிறது. வண்டி கூடுதலாக எவ்வளவு அமிழும்?

இ) உங்கள் வீட்டு வண்டியின் இரண்டு டயர்களும் எந்த ஆண்டில் செய்யப்பட்டவை?

விடைகள்: அ) 1 வோல்ட், 10 வாட். ஆ) 25 மில்லிமீட்டர். இ) இதற்கு விடை உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. இன்றே குனிந்து பாருங்கள்.