அட்வான்ஸுக்கு முன்னால் வெள்ளை அட்டை

அனகாபுத்தூரில் வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் தண்ணீர் வருமா, பைக் நிறுத்த இடமிருக்கிறதா என்று மறக்காமல் கேட்பார்கள். கரண்ட் பேச்சு கடைசியில்தான் வரும். “யூனிட்டுக்கு எட்டு ரூபாய், எல்லா வீட்டிலும் அதுதானே” என்பார் ஓனர். நாமும் தலையாட்டிவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுவோம். அந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

வீடு எவ்வளவு கரண்ட் தின்னும் என்பதுதான் முதல் கேள்வி. இங்கிலாந்தில் வாடகை வீட்டுக்கு ஆற்றல் திறன் சான்றிதழ் உண்டு. ‘இ’ தரத்துக்குக் கீழே போனால், விதிவிலக்கு பெறாமல் வாடகைக்கு விட முடியாது. நம் நாட்டிலும் 2019-இல் வீடுகளுக்கு நட்சத்திர முத்திரை வந்தது. கட்டாயமில்லாததால் போர்ஷன் வீடு வரை அது வந்து சேரவில்லை. நமக்குச் சான்றிதழ், மீட்டர் ரீடிங் எழுதும் ஈ.பி.யின் வெள்ளை அட்டைதான். அதை வாங்கிக் கோடைக்காலக் கணக்கைப் பாருங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு என்றால் கட்டாயம் பாருங்கள். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் ராத்திரி எவ்வளவு கரண்டைத் தின்கிறது என்பது அந்த எண்ணில் தெரிந்துவிடும்.

அடுத்த கேள்வி: வீட்டுக்குத் தனி மீட்டரா, ஓனர் வைத்த சப் மீட்டரா? 2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணப்படி கணக்குப் போடுவோம். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவழிக்கும் குடும்பத்துக்கு முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு 2.35 வீதம், அதற்கடுத்த 100-க்கு 4.70 வீதம். ஆக 705 ரூபாய். அதே மாதிரி இரண்டு குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருந்தால் 600 யூனிட். 500-ஐத் தாண்டியதும் 2.35 என்ற படியே காணாமல் போகும். பில் 2,880 ரூபாய். தனித்தனி மீட்டர் என்றால் இரண்டுக்கும் சேர்த்தே 1,410-தான். எட்டு ரூபாய் வீதம் ஓனர் வசூலிப்பதோ 4,800. மிச்சம் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மின்சாரச் சட்டம் 2003, 43-ஆம் பிரிவு, உரிமையாளர் மட்டுமல்ல, குடியிருப்பவரும் இணைப்பு கேட்கலாம் என்கிறது. ஓனரின் சம்மதக் கடிதம் வேண்டும். அவர் மறுத்தால் சட்டப்படி குடியிருப்பதற்கான ஆதாரம், பொறுப்பேற்புப் பத்திரம், இரு மடங்கு வைப்புத்தொகை கொடுத்து விண்ணப்பிக்க வழி உண்டு. ஆனால் குடிபோன பிறகு இந்தச் சண்டையைத் தொடங்குவது புத்திசாலித்தனமல்ல. பேரம் பேசும் பலம் அட்வான்ஸ் கைமாறும் வரைதான்.

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. அதில் மின் இணைப்பு எண், குடிபோகும் நாளின் ரீடிங், யூனிட் விலை மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். வேறு மாதிரி எழுதாத வரை வயரிங் ஓனர் பொறுப்பு, சுவிட்சும் பிளக் பாயிண்ட்டும் உங்கள் பொறுப்பு. வாடகைத் தகராறில் ஓனர் ஃபியூஸைப் பிடுங்கினால் அது சட்டவிரோதம்; வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திருப்பித் தரச் சொல்லி அவர் உத்தரவிடலாம்.

குடிபோகும் அன்று மீட்டரை ஒரு படம் எடுங்கள். காலி செய்யும் அன்று இன்னொரு படம் எடுத்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.