அழுகையும் பசியும்
('வாழை' என்னும் திரைப்படத்தைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி)

திருநெல்வேலியினின்று திருச்செந்தூர் செல்லும் சாலையில், செய்துங்கநல்லூரையும் கருங்குளத்தையும் கடந்து போவோர், தாமிரபரணி பாயும் வாழைத் தோட்டங்களைக் காண்பர். நாமும் பன்முறை கண்டுள்ளோம். ஆயினும் இலையின் பசுமையை வியந்தோமேயன்றித் தார் சுமந்த தோள்களை நினைந்தோமல்லோம். அந்நினைவை நமக்கு ஊட்டியது, இவ்வட்டாரத்துப் புளியங்குளத்திற் பிறந்த மாரி செல்வராஜ் தம் இளமை வாழ்வைத் தழுவி இயற்றி, 2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெளிவந்த 'வாழை' என்னும் திரைப்படம்.

கதை மிகச் சிறிது. தந்தையற்ற சிறுவன் சிவனைந்தான், தமக்கை வேம்புடன் விடுமுறை நாட்களில் வாழைத்தார் சுமக்கிறான். பள்ளியே அவனுக்கு இன்பம், சுமையே துன்பம். கூலியாட்கள் கூலியை உயர்த்திக் கேட்டுப் பெறுகின்றனர். கொடுத்ததை ஈடுசெய்ய விழைந்த வியாபாரியோ, அவர்களுக்குத் தனி வண்டி விடாது, தாரேற்றிய லாரியின் மேலேயே ஏற்றி அனுப்புகிறான். லாரி கவிழ்கிறது. அன்று சுமைக்குச் செல்லாது பள்ளிக்கு ஓடிய சிறுவன் பிழைக்கிறான்.

இதனைத் தமிழ் பயில்வோராகிய நாம் எங்ஙனம் நுகர்தல் வேண்டும்? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நிலைக்களன் நான்கென்பர்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவாவது பிறரால் இகழப்படுதல். இழவாவது உற்றாரையும் உடைமையையும் இழத்தல். அசைவாவது முன்னை நிலை கெட்டுத் தளர்தல். வறுமையாவது நுகர்பொருள் இன்மை. இந்நான்கும் இப்படத்தில் ஒருங்கே உள. பசியால் ஒரு பழம் பறித்ததற்காகச் சிறுவன் அடியுண்பது இளிவு. நோயுற்ற தாய் மக்களின் தோளை நம்பி நிற்பது அசைவு. லாரி கவிழ்ந்தது இழவு. வறுமையோ தொடக்கமுதல் இறுதிவரை உடன் வருவது.

எனினும் படத்தின் உயிர்நிலை லாரி கவிழும் காட்சியன்று. ஊரெல்லாம் பிணங்களைச் சூழ்ந்து கதற, நெடும்பொழுது பசித்திருந்த சிறுவன் வீட்டினுள் நுழைந்து சோற்றுப்பானையை நாடுகிறானே, அக்காட்சியே உயிர்நிலை. மகளை இழந்த தாய் அதைக் கண்டு வெகுள்கிறாள், அவன் ஓடுகிறான். பின்னர், பெற்ற பிள்ளையை ஒரு வாய் உண்ண விட்டிலேனே என்று அவளே நைந்து அழுகிறாள்.

அவள் செய்தது பிழையோ? இவ்வினாவை நாம் பன்னாள் எண்ணினோம். இறந்தோர்க்கு அழுவதும் கடனே; இருப்போனுக்கு ஊட்டுவதும் கடனே. இரண்டும் ஒரே கணத்தில் வந்து நின்றால் ஏழைத்தாய் யாது செய்வாள்? செல்வர் இல்லத்தில் துயரம் தனித்து வரும். வறியோர் இல்லத்திலோ பசியையும் கைப்பிடித்து வரும். இழவையும் வறுமையையும் தொல்காப்பியர் ஒரே அழுகைக்கு நிலைக்களனாக வைத்ததன் உண்மை இக்காட்சியால் நமக்கு விளங்கிற்று.

குறையொன்றும் கூறுதல் நேர்மையாம். மௌனமே போதுமான இடத்தில் இறுதிப் பாட்டு துயரை மீண்டும் எடுத்துரைக்கிறது. அது சிறிது மிகையெனவே தோன்றுகிறது.

நண்பர்காள்! நுகர்ச்சி என்பது கண்ணீர் வடித்தலோடு முடிவதன்று. இனி அச்சாலையிற் செல்லுங்கால், தாரேற்றிய வண்டியொன்று எதிர்ப்படின், அதன்மேல் யாரேனும் அமர்ந்துளரோ என ஒருமுறை நிமிர்ந்து நோக்குவோமாயின், அதுவே இப்படத்தைக் கற்றதன் பயனாம்.