சுண்ணாம்பு மண்ணில் பயிர் மஞ்சளித்தால்

நல்ல மழை பெய்து ஓய்ந்த மூன்றாம் நான்காம் நாளில் நிலக்கடலையின் கொழுந்து வெளிறத் தொடங்குகிறது. ஒரு வாரத்தில் வயலின் தாழ்ந்த பகுதி முழுக்க மஞ்சளாகிவிடுகிறது. பல்லடம், காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களிலும் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்திலும் மானாவாரி விவசாயிகளுக்கு இது பழகிய காட்சி. இப்படி நேரும்போது முதலில் செய்ய வேண்டியது, யூரியா மூட்டையைப் பிரிக்காமல் இருப்பது. பெரும்பாலும் இது தழைச்சத்துக் குறையும் அல்ல, நோயும் அல்ல. மண்ணில் உள்ள சுண்ணாம்புதான் காரணமாக இருக்கும். அதைப் புரிந்துகொண்டால் பயிரைக் காப்பாற்றிவிடலாம். புரியாமல் செலவு செய்தால் பணமும் போகும், பருவமும் போகும்.

மழை மிகுந்த நாட்டில் மண்ணிலுள்ள சுண்ணாம்பு (கால்சியம் கார்பனேட்) நீரோடு கரைந்து ஆழத்துக்கு இறங்கிவிடும். ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மட்டுமே பெய்யும் வறண்ட பகுதிகளில் அதற்கு வழியில்லை. மழைநீர் எவ்வளவு ஆழம் நனைக்கிறதோ அவ்வளவு தூரமே சுண்ணாம்பு இறங்கும். பிறகு வெயில் நீரை மேலே இழுக்க, அது அங்கேயே படிந்துவிடும். கிணறு வெட்டும்போது வெள்ளையாக வரும் அடுக்கும், உழும்போது கொழுவில் தட்டுப்படும் சுக்கான் கல்லும் இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்தவை.

ஆனால் கண்ணுக்குத் தெரியும் சுக்கான் கல்லைப் பார்த்து நீங்கள் அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. கற்கண்டு மெல்லக் கரைவதையும் பொடித்த சர்க்கரை உடனே கரைவதையும் எண்ணிப் பாருங்கள். பயிருக்குத் தொல்லை தருவது மண்ணோடு மண்ணாகக் கலந்திருக்கும் மாவு போன்ற சுண்ணாம்பு. ஓடைக் கரைகளிலும் குளத்துப் பாசன நிலங்களிலும் நுண்வண்டல் (மணலைவிட நுண்ணியதும் களியைவிடப் பருமனானதுமான துகள்) சேர்ந்த இடங்களில் இந்த மாவுச் சுண்ணாம்பும் சேர்ந்துவிட்டால் இரண்டு குணங்களும் ஒன்றாக வெளிப்படும். ஒன்று, மண் காரத்தன்மையிலேயே நிற்கும். மற்றொன்று, மழை அடித்துக் காய்ந்ததும் மேலே பொருக்குக் கட்டும்.

காரத்தன்மையை முதலில் பார்ப்போம். சுண்ணாம்பு மண்ணின் கார அமில நிலை (பி.எச்.) பெரும்பாலும் 7.5 முதல் 8.5 வரை இருக்கும். இந்த நிலையில் மண்ணில் இரும்பு ஏராளமாக இருந்தாலும் வேர் எடுக்கும் வடிவத்தில் இருக்காது. துத்தநாகமும் அப்படியே. நீங்கள் இடும் மணிச்சத்து சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத பொருளாக இறுகிவிடும். மேலே தூவிய யூரியாவின் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகக் காற்றில் கலந்துவிடும். அம்மோனியம் சல்பேட்டையும் மண்ணால் மூடாமல் விட்டால் அதே கதிதான்.

மழைக்குப் பின் மஞ்சளிப்பது ஏன்? மண் நனைந்து காற்றோட்டம் குறையும்போது, வேரும் நுண்ணுயிரும் வெளியிடும் கரியமில வாயு வெளியேற முடியாமல் சுண்ணாம்போடு வினைபுரிகிறது. அதனால் மண்நீரில் பைகார்பனேட் உப்பு கூடுகிறது. இது வேர் இரும்பை எடுப்பதையும், எடுத்த இரும்பு இலைக்குள் பயன்படுவதையும் தடுக்கிறது. வயலின் பள்ளத்தில் மஞ்சள் முதலில் தோன்றுவதற்கும், மண் காய்ந்ததும் சில இடங்களில் பயிர் தானாகவே தேறுவதற்கும் இதுவே விளக்கம்.

இனி அறிகுறிகள். இரும்புக் குறை இளம் இலையில்தான் முதலில் தெரியும். நரம்பு பச்சையாகவே இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகும். முற்றினால் கொழுந்து முழுதும் வெளுத்துக் கருகும். தழைச்சத்துக் குறையானால் அடி இலை முதலில், நரம்போடு சேர்த்து ஒரே சீராக மஞ்சளாகும். அடி இலையில் நரம்பிடை மட்டும் மஞ்சளித்தால் மக்னீசியத்தைச் சந்தேகிக்கலாம். மக்காச்சோளத்தின் இளம் இலையில் அடிப்பக்கத்திலிருந்து நடு நரம்பின் இருபுறமும் வெள்ளைப் பட்டை ஓடினால் துத்தநாகம் போதவில்லை என்று பொருள். எந்த இலை முதலில் மாறியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஆலோசனை கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று வயலிலேயே பார்க்கலாம். ஒரு பிடி மண்ணைத் தட்டில் வைத்து முதலில் வெறும் தண்ணீரால் நன்றாக நனையுங்கள். காய்ந்த வண்டல் மண்ணில் தண்ணீர் பட்டாலே காற்றுக் குமிழிகள் வரும் என்பதால் இந்த முன்னேற்பாடு. குமிழி அடங்கியபின் வெள்ளை வினிகரைச் சில சொட்டு விட்டுக் காதருகே கொண்டு போங்கள். நுரைத்தாலோ சீறல் கேட்டாலோ சுண்ணாம்பு உண்டு. மண் பரிசோதனைக் கூடத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் இதையே இன்னும் துல்லியமாகச் செய்வார்கள். மேல்மண்ணோடு நிறுத்தாமல் இரண்டடி ஆழத்து மண்ணையும் பாருங்கள். மேலே நுரைக்காத நிலத்தில் அடியில் பொங்குவது உண்டு. மரப்பயிர் வைக்க நினைப்பவருக்கு அந்த அடிமண் செய்திதான் முக்கியம்.

ஒரு வேறுபாட்டை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். கார அமில நிலை 8.5-க்கு மேல் போனால் சுண்ணாம்பு மட்டும் அதற்குக் காரணமாக இருக்க முடியாது. சோடியம் உப்பு மிகுந்த களர் தன்மையும் இருக்கக்கூடும். களருக்கு ஜிப்சம் மருந்து. களரில்லாத சுண்ணாம்பு மண்ணுக்கு அது மருந்தல்ல. ஜிப்சத்திலும் கால்சியம்தான் இருக்கிறது, அது சுண்ணாம்பைக் கரைக்காது. இரண்டையும் ஒன்றாக நினைத்து லாரி லாரியாக ஜிப்சம் கொட்டியவர்கள் நிறைய. நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது காய்ப்பிடிப்புக்காக இடும் ஜிப்சம் வேறு கணக்கு. அதை நிறுத்த வேண்டாம்.

"கந்தகம் போட்டால் சுண்ணாம்பு போய்விடுமா?" என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கரில் 15 சென்டிமீட்டர் ஆழத்து மண் ஏறத்தாழ 900 டன் எடை. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு என்றால் 9 டன். அதைக் கரைக்க ஏறக்குறைய 3 டன் கந்தகம் வேண்டும். நூற்றுக்கு ஐந்து பங்கு என்றால் 14, 15 டன். எந்த விவசாயிக்கும் இது கட்டாது. ஆகவே மண்ணை மாற்றும் முயற்சியை விட்டுவிட்டு, வேரைச் சுற்றியுள்ள சிறு இடத்தையும் இலையையும் கவனிப்பதே அறிவான வழி. என் ஆலோசனை முழுவதும் இதை ஒட்டியதுதான்.

நின்ற பயிருக்கு உடனடித் தீர்வு இலைவழித் தெளிப்பு. பத்து லிட்டர் தண்ணீரில் 50 கிராம் பெரஸ் சல்பேட் (அன்னபேதி), 10 கிராம் சிட்ரிக் அமிலம் (எலுமிச்சை உப்பு) கரைத்து மாலை வேளையில் தெளியுங்கள். இலைக்குள் போன இரும்பு அடுத்துத் துளிர்க்கும் இலைக்கு நகராது. அதனால் பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளிக்க வேண்டியிருக்கும். கரைசல் துருநிறமாக மாறிவிட்டால் கொட்டிவிடுங்கள், அதில் பயன் இல்லை. முதலில் ஒரு மூலையில் பத்துச் செடிக்கு மட்டும் தெளித்து ஒரு வாரம் பொறுங்கள். அவை பச்சை பிடித்தால் குறை இரும்புதான் என்று உறுதியாகிவிடும். அதன்பின் வயல் முழுக்கத் தெளிக்கலாம். இதற்கிடையே தேங்கிய நீரை வடியுங்கள், அடுத்த பாசனத்தைத் தள்ளிப்போடுங்கள்.

அன்னபேதியை இந்த மண்ணில் நேரடியாகத் தூவினால் விரைவிலேயே கரையாத துருவாகிவிடும். பழைய ஆணி, இரும்புத் துண்டுகளை மரத்தடியில் புதைப்பதும் வீண். துரு வடிவ இரும்பு மண்ணில் ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கிறது. அடுப்புச் சாம்பல் காரத்தன்மையைக் கூட்டவே செய்யும். கடையில் கொடுக்கிணைப்பு உரம் (கீலேட்) வாங்கும்போதும் பெயரைப் பாருங்கள். ஈடிடிஏ வகை இரும்பு கார மண்ணில் நிலைக்காது, அதை இலைக்குத் தெளிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். மண்ணில் இட ஈடிடிஹெச்ஏ வகைதான் ஏற்றது. விலை அதிகம் என்பதால் எலுமிச்சை, திராட்சை போன்ற பணப்பயிருக்கு மட்டுமே அது கட்டும்.

அடுத்த பருவத்துக்கான ஏற்பாடுகள் இதைவிட முக்கியம். சூப்பர் பாஸ்பேட்டை வயல் முழுக்க வீசாமல், மக்கிய தொழுவுரத்தோடு கலந்து ஊட்டமேற்றி விதைச்சாலை ஒட்டி இடுங்கள். மண்ணோடு அது தொடும் பரப்பு குறைந்தால் இறுகிப்போவதும் குறையும். துத்தநாக சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ போதும். அதை டிஏபி, சூப்பர் பாஸ்பேட்டோடு கலக்காமல் தனியாக மணலில் கலந்து இடுங்கள். யூரியாவை மண்ணுக்குள் போட்டு மூடுங்கள், அல்லது இட்டவுடன் பாசனம் செய்யுங்கள். தொழுவுரம் ஏக்கருக்கு 5 டன் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சணப்போ கொளிஞ்சியோ விதைத்து மடக்கி உழலாம். ஆனால் விதைப்புக்குச் சில வாரம் முன்பே உழுதுவிடுங்கள். பச்சையாக மண்ணில் கிடந்து அழுகினால் கரியமில வாயு கூடி, மேலே சொன்ன பைகார்பனேட் தொல்லையே திரும்பும்.

பொருக்குக்கு வருவோம். ரோட்டவேட்டர் ஓட்டி மண்ணை மாவாக்குவது இந்த நிலத்துக்கு ஆகவே ஆகாது. மாவான வண்டல் ஒரே மழையில் கரைந்து பாளமாகக் காயும், முளை அதை உடைத்து வர முடியாது, மிஞ்சியது ஓடைக்கு அடித்துப் போகும். சிறு கட்டிகள் இருக்கும்படி உழுங்கள். விதைத்த மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் லேசாக விட்டால் பொருக்கு இளகும். மானாவாரியில் அதற்கு வழியில்லை என்றால் கொக்கிக் கலப்பையை மேலோட்டமாக ஓட்டலாம். குளத்து வண்டல் அடிப்பவர்கள் வினிகர் சோதனையை அந்த வண்டலிலும் செய்துவிட்டு வண்டியை அழையுங்கள். நுரைக்கும் வண்டலை நுரைக்கும் நிலத்தில் கொட்டினால் இருக்கிற தொல்லையை இன்னும் கூட்டியதாகும்.

கிணற்று நீரையும் மறக்காதீர்கள். சொட்டுநீர்க் குழாயின் துளையில் வெள்ளைப் படிவம் கட்டினால் நீரில் பைகார்பனேட் மிகுதி. அப்படிப்பட்ட நீரில் மணிச்சத்து உரம் கலந்து விடுவதற்கு முன், அதே அளவில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கலந்து ஓர் இரவு வையுங்கள். கலங்கினால் அந்த உரத்தைச் சொட்டுநீரில் விடக்கூடாது. குழாய்க்கு அமிலச் சிகிச்சை செய்யும்போது தண்ணீரில்தான் அமிலத்தைச் சேர்க்க வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் தெறித்துக் கண்ணும் தோலும் புண்ணாகும்.

பயிர்த் தேர்வில் பருத்தி, நெல்லி, இலந்தை, மாதுளை ஆகியவை இந்த மண்ணில் தாக்குப்பிடிப்பவை. எலுமிச்சை வகையில் ஒட்டுக்கன்று வாங்குவதானால் வேர்ச்செடி எது என்று கேட்டு வாங்குங்கள். காட்டு எலுமிச்சை வேர் சுண்ணாம்பைத் தாங்கும், மூவிலை ஆரஞ்சு வேர் தாங்காது. குழி எடுக்கும்போது அடியிலிருந்து வரும் வெள்ளை மண்ணைத் தனியாக ஒதுக்கிவிட்டு, மேல்மண்ணும் தொழுவுரமும் கொண்டு நிரப்புங்கள்.

2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 அளவைகள் தரப்படுகின்றன. கார அமில நிலை, இரும்பு, துத்தநாகம் எல்லாம் அதில் உண்டு. சுண்ணாம்பின் விழுக்காடு மட்டும் அந்தப் பன்னிரண்டில் இல்லை. எனவே அடுத்த விதைப்புக்கு முன் மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியாக எடுத்து, அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுத்து, "சுண்ணாம்பு அளவையும் பார்த்துத் தாருங்கள்" என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள்.