பழைய மோட்டார் வண்டிக்குக் காபரேற்றர் தெரிதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டு வீதிகளில் ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் இன்றும் ஓடுவதை வெளியூரார் வியந்து நோக்குவர். அவை காட்சிக்கு வைத்த பொருள்கள் அல்ல. மணவீட்டுக்கும் கோயிலுக்கும் வைத்தியசாலைக்கும் ஆளேற்றிச் சென்று பல குடும்பங்களுக்குச் சோறிட்டவை. புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர் சிலர், ஊரில் நிற்கும் தந்தையாரின் வண்டிக்குப் புதிய காபரேற்றர் ஒன்று வாங்கி அனுப்ப விரும்பி, எதனை அனுப்புவது என வினவுகின்றனர். பொருந்தாத ஒன்று வந்து சேர்ந்தால் பணம் வீணாவது ஒருபுறமிருக்க, பெற்றோல் கசிந்து தீப்பற்றும் இடரும் உண்டு. ஆதலின் இதனைச் சிறிது விரித்துரைப்பது தகும் எனக் கருதுகின்றோம்.

குழாயின் இடுங்கிய பகுதியில் காற்று விரைந்து செல்லும். விரையுமிடத்தில் அமுக்கம் குறையும். பேர்னூலியின் இத்தத்துவத்தைப் பௌதிக வகுப்பில் கற்றோம். காபரேற்றர் முழுவதும் இதன்மேலேயே நிற்கின்றது. அமுக்கம் குறைந்த இடத்தில் ஜெற் என்னும் நுண்துளை வழியாகப் பெற்றோல் மேலெழுந்து காற்றுடன் கலக்கின்றது. பதினைந்து பங்கு காற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு பெற்றோல், நிறையளவில், என்பது முறை. செனித், சோலெக்ஸ் முதலியவற்றில் இடுங்கிய தொண்டையின் அளவு மாறாதது. மெதுவான ஓட்டத்துக்கும் விரைவான ஓட்டத்துக்கும் வெவ்வேறு ஜெற்றுகள் வைத்து ஈடுசெய்வர். எஸ்.யூ. காபரேற்றரின் வழி வேறு. அதில் ஒரு பிஸ்ரன், காற்றின் தேவைக்கேற்ப எழுந்தும் தாழ்ந்தும் தொண்டையைத் தானே விரித்துச் சுருக்கும். அதனடியில் தொங்கும் கூர்ந்த ஊசி, ஜெற்றின் வாயைத் திறந்து மூடும். இங்கிலாந்தில் பாதணி வணிகம் செய்த ஸ்கின்னர் குடும்பத்தார் இதனைக் கண்டனர். முதலில் பிஸ்ரனுக்குப் பதிலாகத் தோலாலான துருத்தியையே வைத்திருந்தனர் என்பது சுவையான செய்தி. செருப்புக் கடைக்காரருக்குத் தோல் நினைவு வருவது இயல்புதானே! 1926 இல் அந்நிறுவனம் மொறிஸ் வசமாயிற்று.

இவ்வூசியும் ஜெற்றுமே நம் நாட்டில் ஒரு காலத்தில் பெருந்துணை செய்தன. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அந்நாளில் நம்மவர் சிறிது பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை எழுப்பிச் சூடாக்கியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது, பாகுநிலை கூடியது. எஸ்.யூ. காபரேற்றரிலோ அடியிலுள்ள நட்டைத் திருகி ஜெற்றைத் தாழ்த்தினால், ஊசியின் மெல்லிய பகுதி ஜெற்றின் வாய்க்கு வரும். எரிபொருள் கூடுதலாகப் பாயும். மாறாத தொண்டையுடைய காபரேற்றருக்கு இவ்வசதி இல்லை. அதற்கு ஜெற்றையே மாற்றவோ துளையைப் பெருப்பிக்கவோ வேண்டும். அவ்வாறு பெருப்பித்த ஜெற் இன்றும் உள்ளே இருக்குமாயின், வண்டி பெற்றோலைக் குடிக்கின்றதே என்று வருந்திப் பயனில்லை.

ஆனால் மண்ணெண்ணெய் செய்த தீங்கு காபரேற்றரோடு நிற்பதன்று. எரியாத மிச்சம் சிலிண்டர் வழியே இறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்யும். உராய்வால் வளையங்கள் தேயும். அத்தகைய இயந்திரத்துக்கு எவ்வளவு உயர்ந்த காபரேற்றரைப் பூட்டினும் இழுவை வராது. ஆகவே முதலில் நான்கு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளந்து பார்க்க வேண்டும். இதனைச் செய்யாமல் காபரேற்றர் வாங்குவது, நோயறியாமல் மருந்து வாங்குவதாகும்.

அமுக்கம் சரியெனின், பழைய காபரேற்றரையே சோதிக்கலாம். இயந்திரம் மெதுவாக ஓடுகையில் திறொட்டில் அச்சின் இரு முனைகளிலும் ஒரு துளி எண்ணெய் விடுக. ஓட்டம் மாறினால் அங்கே காற்றுப் புகுகின்றது என அறிக. நம்மூர்க் கடைச்சல் பட்டறைகளில் புதிய அச்சும் புஷ்ஷும் இட்டு அதனைத் தீர்க்கலாம். பிஸ்ரனை உயர்த்தி விட்டால், தங்காமல் இறங்கி ‘டக்’ என்ற ஒலியுடன் அமர வேண்டும். நெடுங்காலம் ஓடாதிருந்த வண்டியில் பழைய ‘எச்’ வகைக் காபரேற்றரின் தக்கை வளையங்கள் உலர்ந்து, ஜெற்றின் அடியில் பெற்றோல் சொட்டும்; வளையங்களை மாற்றினால் போதும். எம் கருத்தில், மாற்ற வேண்டும் என்று சொல்லப்படும் காபரேற்றர்களுட் பல, ஊசி, ஜெற், அச்சு ஆகிய மூன்றும் புதுக்கினால் இன்னும் பல்லாண்டு உழைப்பவை.

உடல் வெடித்தோ அரித்தோ போயிருந்தால் மட்டும் வேறு ஒன்று தேடுவோம். அப்போது வண்டியின் பெயரைக் காட்டிலும் இயந்திரத்தின் கொள்ளளவே முதன்மையானது. மொறிஸ் மைனர் என்பது ஒரே வண்டியன்று. தொடக்கத்து 918 சீசீ இயந்திரத்துக்கும் அடுத்து வந்த 803 சீசீ இயந்திரத்துக்கும் 1⅛ அங்குல எச்1. 1956 முதல் வந்த 948 சீசீ இயந்திரத்துக்கு 1¼ அங்குல எச்2. 1962 முதல் வந்த 1098 சீசீ இயந்திரத்துக்கு அதே அளவுள்ள எச்.எஸ்.2. ஒஸ்ரின் ஏ40 சோமசெற் வண்டியிலோ காற்று மேலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் செனித் உண்டு. பக்கவாட்டில் நிற்கும் எஸ்.யூ.வை அதன் குழாய்த்தொகுதியில் நேரே பூட்ட இயலாது. எஸ்.யூ., செனித் ஆகிய இருவகையையும் இங்கிலாந்தின் சோல்ஸ்பரி நகரிலுள்ள பேர்லன் நிறுவனம் இன்றும் செய்து விற்கின்றது.

‘பெரியது பூட்டினால் வேகம் கூடும்’ என்பார் கூற்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 948 சீசீ இயந்திரம் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுழல்கின்றது என்க. இரு சுற்றுக்கு ஒருமுறையே சிலிண்டர் நிரம்புவதால், 0.948 இன் பாதியை 3000 ஆற் பெருக்க 1422 லீற்றர். நிரம்பும் திறன் நூற்றுக்கு 80 எனின் ஏறத்தாழ 1140 லீற்றர். அதாவது செக்கனுக்கு 19 லீற்றர். 1¼ அங்குல வாயின் பரப்பு 7.9 சதுர சென்றிமீற்றர். ஆகவே காற்று அதனூடு செக்கனுக்கு 24 மீற்றர் வேகத்திற் செல்லும். 1½ அங்குலமாயின் பரப்பு 11.4, வேகம் 17 மீற்றருக்கும் குறைவு. மலையேற்றமில்லாத, ஒடுங்கிய நம் வீதிகளில் 3000 சுற்றைத் தாண்டும் வேளை அரிது. சிறு வாயே இயந்திரத்துக்குப் போதுமானதாயிருக்கப் பெருவாயைப் பூட்டி, அதற்கேற்ற ஊசியைத் தேடி அலைவானேன்?

ஊசியைப் பற்றியும் ஒரு சொல். 1098 சீசீ மைனருக்கு ஏ.என். என்று பொறித்த ஊசியே நூல்களிற் கூறப்படுவது. அந்நூல்கள் குளிர்நாட்டில் எழுந்தவை. 10 பாகை வெப்பமுள்ள காற்றைவிட நம் 30 பாகைக் காற்று நூற்றுக்கு ஏழளவு அடர்த்தி குறைந்தது. கணக்குப் பார்த்தால் கலவை நூற்றுக்கு மூன்று போலச் செறிந்துவிடும். இதற்காக ஊசியை மாற்ற வேண்டியதில்லை. நட்டைச் சிறிது ஏற்றினாலே அமையும்.

கொழும்புப் பஞ்சிகாவத்தையிலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ பழையது வாங்குவோர், மிதவைக் கிண்ண மூடியிற் தொங்கும் சிறு தகட்டைத் தேடுக. ஏ.யூ.சி. அல்லது ஏ.யூ.டி. எனத் தொடங்கும் இலக்கம், அக்காபரேற்றர் எவ்வண்டிக்குப் பிறந்தது என்பதைச் சொல்லும். பிஸ்ரனும் அதன்மேல் கவிந்த உறிஞ்சறையும் ஒன்றுக்கொன்று இணையாகக் கடையப்பட்டவை. ஒன்றை ஒரு காபரேற்றரிலும் மற்றதை இன்னொன்றிலும் எடுத்துச் சேர்த்தல் ஆகாது. மினி வண்டியின் எச்.எஸ்.2 வாய் பொருந்தினும், மிதவைக் கிண்ணத்தின் சாய்வு வேறாகலாம். மைனரில் பூட்டியபின் கிண்ணம் நிமிர்ந்து நில்லாவிடின் பெற்றோல் மட்டம் பிழைத்து வழியும். வழிவது எங்கே? காபரேற்றருக்கு நேர்கீழே கொதிக்கும் புகைபோக்கிக் குழாய்த்தொகுதி உளது. வெப்பந்தடுக்கும் தகட்டை நடுவில் வைக்க மறத்தலாகாது.

பூட்டியபின் உறிஞ்சறைத் தண்டின் குழியில் மெல்லிய எண்ணெய் விட்டு, இயந்திரம் நன்கு சூடேறியதும் பிஸ்ரனை ஓர் அங்குலத்தின் 32இல் ஒரு பங்கு மட்டும் உயர்த்துக. ஓட்டம் விரைந்து அவ்வாறே நின்றால் கலவை செறிவு. தளர்ந்து நின்றுவிட்டால் மென்மை. சற்றே விரைந்து பழைய நிலைக்கு மீண்டால் சரி. பின்பு பருத்தித்துறை வரை ஒருமுறை ஓட்டிச் சென்று, அங்கேயே இயந்திரத்தை நிறுத்திப் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்கலாம். கபில நிறம் நன்று. கரி படிந்திருந்தால் நட்டை ஒரு முகம் மேலேற்றுக. வெளிறியிருந்தால் ஒரு முகம் கீழிறக்குக.