தீர விசாரிப்பதே மெய்

மாலையில் கனத்த மழை பெய்கிறது. ‘சாலாக் செலாத்தான் நிலையத்தில் வெள்ளம்; ரயில் ஓடவில்லை’ என்று புலனத்தில் ஒரு செய்தி வருகிறது. பள்ளிச் செய்தி ஏட்டிற்கு எழுதும் படிவம் மூன்று மாணவி ஒருவர் அதைப் படிப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் உடனே எழுதத் தொடங்கலாமா? கூடாது. கோலாலம்பூரில் சாலாக் செலாத்தான் என்னும் பெயரில் இரண்டு நிலையங்கள் உள்ளன. ஒன்று கே.டி.எம். கொமுட்டர் நிலையம்; மற்றொன்று எல்.ஆர்.டி. நிலையம். பெயர் ஒன்றுதான், இடமும் தடமும் வேறு. எந்த நிலையம், எத்தனை மணிக்கு, நேரில் கண்டவர் யார் என்று கேட்காமல் எழுதினால், ரயிலை நம்பி வீடு திரும்புவோர் வீணாக அலைய நேரும்.

பள்ளிச் செய்தி ஏடு கற்றுத் தரும் முதல் பாடம் இதுவே. மொழியழகும் கவர்ச்சியான தலைப்பும் பிறகுதான் வரும். ‘இது எனக்கு எப்படித் தெரியும்?’ என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் பழக்கம்தான் ஒரு மாணவரைச் செய்தியாளர் ஆக்குகிறது.

இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதை அமெரிக்காவில் உண்மையில் நடந்த நிகழ்வு ஒன்று காட்டுகிறது. கன்சாஸ் மாநிலத்தில் பிட்ஸ்பர்க் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் ‘பூஸ்டர் ரீடக்ஸ்’ என்னும் செய்தி ஏட்டை நடத்தி வருகின்றனர். 2017-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அப்பள்ளிக்குப் புதிய முதல்வர் ஒருவர் நியமிக்கப்பட்டார். அவரை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தும் கட்டுரை ஒன்றை எழுத மாணவர்கள் முடிவு செய்தனர். குறை கண்டுபிடிப்பது அவர்களின் நோக்கமன்று, வரவேற்பதே நோக்கம்.

கட்டுரைக்காகத் தகவல் திரட்டியபோது ஓர் ஐயம் எழுந்தது. தாம் உயர்பட்டங்கள் பெற்றதாக முதல்வர் குறிப்பிட்டிருந்த பல்கலைக்கழகத்தின் அகப்பக்கம் இயங்கவில்லை. அந்நிறுவனம் அங்கீகாரம் பெற்றது என்பதற்கும் சான்று கிடைக்கவில்லை. மாணவர்கள் அதை அப்படியே ஊரெல்லாம் பரப்பிவிடவில்லை. ஆவணங்களைத் தேடினர். அங்கீகாரம் பற்றி அறிந்தவர்களிடம் கேட்டனர். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த முதல்வரிடமே தொலைபேசி வழியாகக் கேள்விகளைக் கேட்டனர். ஒருவரைப் பற்றி எழுதும்போது அவருடைய விளக்கத்தையும் கேட்பது செய்தித்துறையின் அடிப்படை அறம் அல்லவா?

அவர்களுடைய பொறுப்பாசிரியரின் நடத்தையும் குறிப்பிடத்தக்கது. முதல்வரைத் தேர்வு செய்த குழுவில் அவரும் இடம்பெற்றிருந்தார். ஆகவே, இந்தக் கட்டுரையை வழிநடத்துவதிலிருந்து தாமே விலகிக்கொண்டார். அனுபவமிக்க வெளியாள்களின் வழிகாட்டலை மாணவர்களுக்கு ஏற்படுத்திக் கொடுத்தார். செய்தி சரியாக இருந்தால் மட்டும் போதாது; அதை உருவாக்கும் முறையும் நடுநிலையாக இருக்க வேண்டும் என்பதை அவர் செயலில் காட்டினார்.

மார்ச் 31-ஆம் நாள் கட்டுரை வெளிவந்தது. சில நாள்களுக்குப் பின், ஏப்ரல் 4-ஆம் நாள், அந்த முதல்வர் பதவியிலிருந்து விலகினார். பெரியவர்கள் கேட்கத் தவறிய கேள்வியை மாணவர்கள் கேட்டிருந்தனர். ஆயினும், ஒருவர் பதவி இழந்ததை வெற்றியாகக் கொண்டாடுவது இந்நிகழ்வின் பாடம் ஆகாது. ஒரு சொல் பிழையாக இருந்திருந்தால், குற்றமற்ற ஒருவரின் நற்பெயர் கெட்டிருக்கும். தயங்கி வாய்மூடி இருந்திருந்தால், உண்மை மறைந்தே போயிருக்கும். இவ்விரண்டிற்கும் இடையில் மாணவர்களுக்குத் துணையாக நின்றது பொறுமையான விசாரணை மட்டுமே.

மாணவர் ஏடுகளுக்கு எல்லா இடங்களிலும் இத்தகைய உரிமை கிடைப்பதில்லை. மாணவர்கள் தயாரித்த ஏட்டின் இரு பக்கங்களைப் பள்ளி நிருவாகம் நீக்கிய வழக்கொன்றில், 1988-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதன் பின்னர், 1992-இல் கன்சாஸ் மாநிலம் மாணவர் வெளியீடுகளுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டத்தை இயற்றியது. பிட்ஸ்பர்க் மாணவர்களுக்கு அச்சட்டம் அரணாக இருந்தது. உரிமையும் பொறுப்பும் ஒரு நாணயத்தின் இரு பக்கங்கள். பொறுப்புடன் எழுதுவோர் மீதுதான் பிறருக்கு நம்பிக்கை பிறக்கும். நம்பிக்கை பிறந்தால்தான் உரிமை நிலைக்கும்.

மலேசியத் தமிழர்களுக்கும் இளையோரை எழுத்தில் பழக்கிய மரபு உண்டு. 1924-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட தமிழ் நேசனில், 1950-களின் தொடக்கத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினர். அக்காலத்தில் சிங்கப்பூரின் தமிழ் முரசு, ‘மாணவர் மணிமன்றம்’ வழியாக மாணவர் படைப்புகளுக்கு இடமளித்தது. இவற்றில் எழுதிப் பழகியோர் பலர் பின்னாளில் எழுத்தாளர்களாக உயர்ந்தனர். தமிழ் நேசன் 2019-ஆம் ஆண்டில் நின்றுபோனது. நாளிதழ்கள் குறைந்துவரும் காலத்தில், நாளைய செய்தியாளர்களை உருவாக்கும் நாற்றங்கால் எது? பள்ளிச் செய்தி ஏடு அத்தகைய ஒன்றாகலாம். அதற்கு அச்சகம்கூடத் தேவையில்லை. நான்கு பக்கத் தாளோ பள்ளியின் அறிவிப்புப் பலகையோ போதும்.

மழை நாளின் மாணவியிடம் மீண்டும் வருவோம். அவர் முதலில், புலனத்தில் செய்தி அனுப்பியவரிடம் எந்த நிலையம் என்று கேட்கிறார். அடுத்து, அவ்வழியே வீடு திரும்பிய இருவரிடம் விசாரிக்கிறார். ரயில் சேவை பற்றிய அதிகாரப்பூர்வ அறிவிப்பைப் பார்க்கிறார். வெள்ளம் நிலையத்தினுள் புகவில்லை, வெளியே உள்ள சாலையில்தான் தேங்கியது என்பது தெரியவருகிறது. ரயில்களும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவர் எழுதும் செய்தி மூன்றே வரிகள்தாம். புலனத்தில் வந்ததைப் போல அது பரபரப்பாக இல்லை. ஆனால், அதை நம்பி ஒருவர் வீட்டிலிருந்து புறப்படலாம்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது முன்னோர் வாக்கு. கைப்பேசியில் வரும் எதையும் ஒரு நொடியில் பலருக்கு அனுப்பிவிடும் இக்காலத்தில், செய்தி ஏட்டில் எழுதும் மாணவர்களுக்கு மட்டுமன்றி அனைவருக்கும் அது பொருந்தும்.