அடுப்பே வேண்டாம்! மாங்காய் வெங்காயப் பச்சடி

அம்மாவும் அப்பாவும் பட்டுத்தறியில் உட்கார்ந்துவிட்டால் மதியச் சாப்பாடு என் பொறுப்பு. கேஸ் தீர்ந்துபோன ஒரு நாள் ஆயா சொல்லிக்கொடுத்த பச்சடி இது. நம்ம காஞ்சிபுரத்தில் மாங்காய்க்குத் தனி மரியாதை. ஏகாம்பரநாதர் கோயில் தல விருட்சமே மாமரம்தானே!

செங்காயாக ஒரு கிளிமூக்கு மாங்காய், பத்து சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், அரை ஸ்பூன் உப்பு, சின்னத் துண்டு வெல்லம். எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிப் பிசைந்து கால் மணி நேரம் மூடி வையுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. திறந்து பார்த்தால் சாறு தானா நிற்கும். வெளியே உப்பு அதிகம் இருப்பதால் வெங்காய செல்லில் உள்ள நீர் வெளியே வருகிறது. பாடத்தில் படிக்கும் சவ்வூடு பரவல் இதுதான். பழைய சோத்துக்கு அவ்ளோ நல்லா இருக்கும். அன்றைக்கே தின்றுவிட வேண்டும்.

மஞ்சள் தூள் மட்டும் போடாதீங்க. போன வருஷம் நான் போட்டுப் பிசைந்து, அதே கையோடு பாவைத் தொட்டுவிட்டேன். சந்தன நிறப் பட்டில் மஞ்சள் கறை! பயத்தில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். ஐயோ, சிவப்பாகிவிட்டது. மஞ்சள் ஒரு நிறங்காட்டி, சோப்பில் உள்ள காரம் பட்டால் சிவக்கும் என்று அறிவியல் டீச்சர் அப்புறம்தான் சொன்னாங்க. அந்தச் சேலைக்குக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். அம்மா திட்டவே இல்லை. அந்த இடத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

இப்போது இரண்டு தடவை கை கழுவி, துடைத்து, ஆயாவிடம் காட்டிவிட்டுத்தான் தறிப் பக்கம் போகிறேன்.